ஒரே இயர்பட்ஸ், போனிலும் லேப்டாப்பிலும்: இரண்டையும் சேர்த்து இணைக்க முழுமையான வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் மாடி வீட்டில் இருக்கும் அக்கா, புதுச்சேரியில் உள்ள ஓர் அலுவலகத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறார். காலை முழுக்க லேப்டாப்பில் மீட்டிங் ஓடும். நடுவில் போனில் பிள்ளையின் பள்ளியிலிருந்து அழைப்பு வரும். ஒரு நாள் புது இயர்பட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தார்.

"தம்பி, போன்ல கனெக்ட் பண்ணா லேப்டாப்ல போயிடுது. லேப்டாப்ல பண்ணா போன்ல போயிடுது. ரெண்டுலயும் ஒண்ணா இருக்கும்னு சொல்லித்தானே வாங்கினேன்?"

பட்ஸில் பழுது எதுவும் இல்லை. படிகளின் வரிசைதான் மாறிப் போயிருந்தது. அதற்குப் பிறகு சொந்தத்திலும் தெருவிலும் பலருக்கு இதைச் செய்து கொடுத்துவிட்டேன். எல்லோரும் அநேகமாக அதே நாலைந்து இடங்களில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். அந்த இடங்களில் மட்டும் கொஞ்சம் நின்று விளக்குகிறேன். அரை மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள், அவசரத்தில் செய்யும் வேலை இல்லை இது.

1. பேரிங் வேறு, கனெக்ட் வேறு

இந்த ஒன்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் எளிது.

பேரிங் என்பது அறிமுகம். போனும் பட்ஸும் ஒரு முறை ஒரு ரகசியச் சாவியை உருவாக்கிக்கொண்டு, ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்கின்றன. இதை ஒரு சாதனத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். கனெக்ட் ஆவது என்பது அந்தச் சாவியைக் காட்டி இப்போது, இந்த நிமிடம் தொடர்பில் இருப்பது. இது தினமும் நடக்கும், அறுபடும், மறுபடி நடக்கும்.

பல பட்ஸ் ஏழெட்டுச் சாதனங்களைக்கூட நினைவில் வைத்திருக்கும். ஆனால் ஒரே நேரத்தில் தொடர்பில் இருப்பது சாதாரண பட்ஸில் ஒன்றோடுதான். மல்ட்டிபாயிண்ட் வசதி உள்ளவற்றில் இரண்டோடு. டெக்னிக்ஸ் ஏஇசட்80 போல மிகச் சில மாடல்கள் மட்டும் மூன்றோடு இருக்கும். "எட்டு சாதனம் வரை" என்று பெட்டியில் பார்த்துவிட்டு எட்டிலும் ஒன்றாகப் பாட்டு வரும் என்று எதிர்பார்ப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நினைவில் நிற்கும் கணக்கு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இரண்டு சாதனங்கள் இணைந்திருந்தாலும் இரண்டின் சத்தமும் கலந்து கேட்காது. ஒரு காதில் மீட்டிங், மறு காதில் பாட்டு என்றும் வராது. ஒன்று பேசும்போது மற்றது காத்திருக்கும், அவ்வளவுதான். போன் அடித்தால் பட்ஸிலேயே எடுக்கலாம், முடித்ததும் செட்டிங்ஸைத் தொடாமல் லேப்டாப்புக்குத் திரும்பலாம். இந்த வசதிக்காகத்தான் இத்தனை வேலையும்.

2. உங்கள் பட்ஸால் முடியுமா?

பெட்டியிலோ கையேட்டிலோ 'மல்ட்டிபாயிண்ட்', 'டூயல் கனெக்‌ஷன்', 'டூயல் டிவைஸ் கனெக்‌ஷன்' என்ற சொற்களில் ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலின் முழுப் பெயரையும் எண்ணையும் போட்டுப் பாருங்கள். ஒரே வரிசையில் வரும் இரண்டு மாடல்களில் ஒன்றில் இருக்கும், மற்றதில் இருக்காது.

'ப்ளூடூத் 5.3' என்று போட்டிருந்தால் போதும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். போதாது. பதிப்பு எண் வேறு, மல்ட்டிபாயிண்ட் வேறு. தயாரிப்பாளர் தன் பட்ஸின் மென்பொருளில் அதைச் சேர்த்திருந்தால்தான் உண்டு. புதுச்சேரி ஞாயிறு சந்தையிலோ நேரு வீதியிலோ வாங்குவதாக இருந்தால், பதிப்பு எண்ணைக் கேட்காதீர்கள். "ரெண்டு போன்ல ஒரே நேரத்துல கனெக்ட் ஆகி நிக்குமா?" என்று கேட்டு, அங்கேயே இரண்டு போன்களில் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

'டூயல் ஆடியோ' என்பதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது சில போன்களில் உள்ள வசதி. ஒரு போனின் பாட்டை இரண்டு பேர் இரண்டு பட்ஸில் கேட்பதற்கானது. நமக்கு வேண்டியது நேர் எதிரானது.

ஆப்பிள் ஏர்பாட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு வழி வேறு. ஒரே ஆப்பிள் கணக்கில் நுழைந்த ஐபோன், ஐபேட், மேக் ஆகியவற்றுக்கு நடுவே அது தானாக மாறிக்கொள்ளும். 2020-இல் ஐஓஎஸ் 14-உடன் வந்த வசதி இது. சாம்சங் கேலக்ஸி பட்ஸும் ஒரே சாம்சங் கணக்கில் உள்ள கேலக்ஸி போன், டேப்லெட்டுகளுக்கு நடுவே அப்படித்தான் மாறும். ஐபோனும் வேறு நிறுவனத்தின் விண்டோஸ் லேப்டாப்பும் வைத்திருப்பவர் ஏர்பாட்ஸ் வாங்கினால் இந்தத் தானியங்கி மாற்றம் லேப்டாப்புக்குக் கிடைக்காது. வாங்கும் முன்பே இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

மல்ட்டிபாயிண்ட் இல்லாத பட்ஸ்தான் கையில் இருக்கிறது என்றால், இரண்டிலும் பேரிங் மட்டும் செய்து வையுங்கள். மாற வேண்டியபோது ஒன்றில் டிஸ்கனெக்ட் கொடுத்துவிட்டு மற்றதில் பட்ஸின் பெயரைத் தட்டுங்கள். 4, 5, 7-ஆம் பகுதிகள் உங்களுக்கும் பொருந்தும்.

3. தொடங்கும் முன் கேஸைப் பாருங்கள்

பட்ஸும் கேஸும் முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்கட்டும். ஃபர்ம்வேர், அதாவது பட்ஸுக்குள் இருக்கும் மென்பொருளின் அப்டேட் நடுவில் வரும், பாதியில் சார்ஜ் தீர்ந்தால் சிக்கல்.

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இன்னொரு வேலையும் உண்டு. தேவனாம்பட்டினத்தில் இருக்கும் சித்தி பையனின் பட்ஸில் இடது பக்கம் மட்டும் எத்தனை முறை செய்தாலும் பேரிங்கில் சேரவில்லை. அதை வெளியே எடுத்து, கேஸின் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். தங்க நிறத்தில் இருக்க வேண்டிய இரண்டு சின்னப் புள்ளிகளில் ஒன்று பச்சை பூத்திருந்தது. வியர்வையும் உப்புக் காற்றும் சேர்ந்து செய்த வேலை.

பல மாடல்களில் கேஸில் வைத்ததை பட்ஸ் தெரிந்துகொள்வதே அந்தப் புள்ளிகள் வழியாகத்தான். அவை ஒட்டவில்லை என்றால், மூடி மூடிய பிறகும் அந்த ஒரு பக்கம் அணையாமல் பழைய போனோடு தொடர்பிலேயே இருக்கும். கேஸின் பட்டனை அழுத்தினாலும் அதற்குச் செய்தி போகாது.

காது குடையும் பஞ்சுக் குச்சியை உலர்ந்தபடியே எடுத்து, கேஸில் உள்ள புள்ளிகளையும் பட்ஸில் உள்ள புள்ளிகளையும் துடையுங்கள். பச்சை போகவில்லை என்றால் குச்சியின் நுனியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி போதும். தண்ணீர் வேண்டாம், ஊசியால் சுரண்டவும் வேண்டாம். துடைத்த பிறகு இரண்டு பக்கமும் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

4. பழைய இணைப்புகளை இரண்டு பக்கமும் அழியுங்கள்

இன்றுதான் பெட்டியைப் பிரித்தீர்கள் என்றால் இதைத் தாண்டலாம். ஆனால் கடையில் போட்டுக் காட்டியிருந்தால் தாண்டாதீர்கள், கடைக்காரரின் போன் அதன் நினைவில் இருக்கும்.

முதலில் போனில் ப்ளூடூத் பட்டியலுக்குப் போய், பட்ஸின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள சக்கரக் குறியைத் தட்டி 'ஃபர்கெட்' அல்லது 'அன்பேர்' கொடுங்கள். ஐபோனில் வட்டத்துக்குள் இருக்கும் ஐ குறி. லேப்டாப்பில் 'ரிமூவ் டிவைஸ்'. டேப்லெட், பழைய போன் எதிலாவது முன்பு இணைத்திருந்தால் அவற்றிலும் செய்யுங்கள்.

பிறகு பட்ஸை ரீசெட் செய்யுங்கள். பெரும்பாலான மாடல்களில் இரண்டையும் கேஸில் வைத்து, மூடியைத் திறந்தபடி பட்டனை 10 முதல் 15 விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும். விளக்கு நிறம் மாறும் அல்லது வேகமாகச் சிமிட்டும். பட்டன் இல்லாத கேஸ் என்றால் பட்ஸின் தொடு பகுதியைத் தொட வேண்டியிருக்கும். மாடலுக்கு மாடல் மாறுவதால் இந்த ஒரு விஷயத்துக்குக் கையேட்டைப் பாருங்கள்.

இரண்டு பக்கமும் ஏன் அழிக்க வேண்டும்? சாவியின் பிரதி இரண்டு பக்கமும் இருக்கிறது என்றேன் இல்லையா? பட்ஸை மட்டும் ரீசெட் செய்தால் அதனிடம் சாவி போய்விடும், போனிடம் பழைய சாவி இருக்கும். போன் அதைக் காட்டும், பட்ஸ் ஏற்காது. 'கனெக்ட் ஆகவில்லை' என்று திரும்பத் திரும்ப வருவதற்கு நான் பார்த்தவரை முதல் காரணம் இதுதான்.

5. முதலில் போன்

போனில் தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்ஸின் ஆப் போனில்தான் இருக்கும். மல்ட்டிபாயிண்டை ஆன் செய்வதும் ஃபர்ம்வேரைப் புதுப்பிப்பதும் அதில்தான். லேப்டாப்பில் தொடங்கியவர்கள் பலர் பாதியில் திரும்பி வந்திருக்கிறார்கள்.

வீட்டில் உள்ள மற்ற போன்கள், லேப்டாப், டிவி எல்லாவற்றிலும் ப்ளூடூத்தை அணைத்து வையுங்கள்.

பட்ஸ் இரண்டையும் கேஸில் வைத்தபடியே மூடியைத் திறந்து பட்டனை சில விநாடி அழுத்துங்கள். விளக்கு சிமிட்டத் தொடங்கினால் பேரிங் நிலை வந்துவிட்டது. ஒன்றைக் காதில் மாட்டிக்கொண்டு மற்றதை மட்டும் கேஸில் வைத்துச் செய்யாதீர்கள். இரண்டும் ஜோடியாக இருக்கும்போது செய்தால்தான் இடது வலது பிரியாமல் ஒரே பெயரில் பதிவாகும்.

இப்போது போனின் ப்ளூடூத் பட்டியலில் பெயர் வரும், தட்டுங்கள். பெயர் இரண்டாகத் தெரிந்தால் கவனம் தேவை. சில மாடல்களில் முன்னால் 'எல்இ' என்று ஒட்டிக்கொண்டு இன்னொரு வரி வரும். அது ஆப்போடு பேசுவதற்கான வழி, பாட்டு அதில் வராது. முன்னொட்டு இல்லாத பெயரையே தேர்ந்தெடுங்கள்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் மூடியைத் திறந்ததுமே திரையில் பட்ஸின் படம் எழும்பி வரலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் போனிலும் அதே படம் வரும். எங்கள் வீட்டில் அம்மா தெரியாமல் 'கனெக்ட்' தட்டிவிட, நான் என் போனில் தேடிக்கொண்டே இருந்தேன். மற்றவற்றின் ப்ளூடூத்தை அணைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

இணைந்ததும் சக்கரக் குறியைத் தட்டி 'மீடியா ஆடியோ', 'போன் கால்ஸ்' இரண்டும் ஆன் ஆக இருக்கின்றனவா என்று பாருங்கள். பாட்டுக்கு ஒரு பாதை, பேச்சுக்கு ஒரு பாதை என்று ப்ளூடூத்தில் இரண்டு உண்டு. முதலாவதை ஏ2டிபி என்பார்கள், இரண்டாவதை எச்எஃப்பி என்பார்கள். இந்த இரண்டும் 10-ஆம் பகுதியில் மறுபடி வரும்.

6. ஆப்பில் மல்ட்டிபாயிண்டை ஆன் செய்யுங்கள்

ஒன்பிளஸ், ஓப்போ பட்ஸ் என்றால் ஹேமெலடி, நத்திங் என்றால் நத்திங் எக்ஸ், சோனி என்றால் சவுண்ட் கனெக்ட் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆப் உண்டு. ஆப் ஸ்டோரில் எடுத்து நிறுவுங்கள்.

அப்டேட் இருந்தால் முதலில் அதை முடியுங்கள். மல்ட்டிபாயிண்ட் வசதியே சில மாடல்களுக்குப் பின்னாளில் அப்டேட்டில்தான் வந்தது. 2021-இல் வெளியான சோனி டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்4-க்கு அது 2023-இல்தான் கிடைத்தது. அப்டேட் ஓடும்போது போனைப் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு கால் பேசிவிட்டு வரலாம் என்று எழுந்துவிடாதீர்கள்.

அப்புறம் 'டூயல் கனெக்‌ஷன்' அல்லது அதே பொருளில் உள்ள பொத்தானை ஆன் செய்யுங்கள். பல மாடல்களில் இது அணைந்த நிலையில்தான் வருகிறது. மாடி வீட்டு அக்காவுக்கு நேர்ந்ததும் இதுதான். வசதி இருந்தது, யாரும் திறந்து வைக்கவில்லை.

ஆன் செய்யும்போது "எல்டிஏசி அணைக்கப்படும்" என்பது போல ஓர் எச்சரிக்கை சில மாடல்களில் வரும். உயர்தரப் பாட்டுக்கான அந்த முறை அதிக அலைவரிசை கேட்கிறது, இரண்டு சாதனங்களோடு தொடர்பில் இருக்கும்போது சில சிப்புகளால் அதைத் தாங்க முடிவதில்லை. கேம் மோடும் அப்படி அணையலாம். வேலைக்காகப் பயன்படுத்துகிறவர் தயங்காமல் சரி கொடுக்கலாம். பாட்டின் நுணுக்கம்தான் முக்கியம் என்பவர் யோசித்துக்கொள்ளுங்கள்.

7. அடுத்து லேப்டாப். இங்கேதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்

எல்லோரும் செய்வது இதுதான்: பட்ஸ் காதில் இருக்கும், போனோடு தொடர்பில் இருக்கும், அந்த நிலையிலேயே லேப்டாப்பைத் திறந்து தேடுவார்கள். பெயர் வராது. வந்தாலும் தட்டினால் இணையாது.

காரணம் எளிமையானது. ஒரு சாதனம் அறிமுகமாகிவிட்ட பிறகு, மூடியைத் திறந்ததும் பட்ஸ் அந்தப் பழைய நண்பரைத்தான் தேடிப் போகும். புதியவர் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் மறுபடியும் நாமே பேரிங் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு முறை செய்தாயிற்றே என்று விட்டுவிடக் கூடாது.

வரிசை இப்படி இருக்கட்டும்.

முதலில் பட்ஸைக் கேஸில் வைத்து மூடுங்கள். போனின் ப்ளூடூத்தை அணையுங்கள். போன் குறுக்கே வந்து பட்ஸைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் இது.

இப்போது கேஸைத் தொடாமல் லேப்டாப்புக்குப் போய், முன்பு அணைத்த அதன் ப்ளூடூத்தை ஆன் செய்யுங்கள். விண்டோஸ் 11 என்றால் செட்டிங்ஸில் 'ப்ளூடூத் அண்ட் டிவைசஸ்', அதில் 'ஆட் டிவைஸ்', அதில் 'ப்ளூடூத்'. தேடும் வட்டம் சுற்றத் தொடங்கட்டும். மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து வைத்தாலே போதும், அது தேடிக்கொண்டிருக்கும்.

அதன் பிறகுதான் கேஸைத் திறந்து பட்டனை அழுத்த வேண்டும். பேரிங் நிலை சில நிமிடங்களில் தானாக முடிந்துவிடும். பட்டனை முதலில் அழுத்திவிட்டு லேப்டாப்பில் செட்டிங்ஸ் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால், நீங்கள் வந்து சேர்வதற்குள் விளக்கு அணைந்திருக்கும்.

பெயர் வந்ததும் ஒரே ஒரு முறை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். முதல் தடவை என்பதால் விண்டோஸ் பின்னணியில் சில அமைப்புகளைச் செய்யும், கொஞ்ச நேரம் எடுக்கும். வரவில்லையே என்று இரண்டாவது முறை தட்டினால் பாதி வேலையில் குழம்பி, 'பேர்ட்' என்று மட்டும் காட்டிவிட்டுச் சத்தம் வராமல் நிற்கும். அப்படி நின்றால் 'ரிமூவ்' கொடுத்து இந்தப் பகுதியை முதலிலிருந்து செய்யுங்கள். பாதியிலிருந்து ஒட்டுப் போட முயன்று நேரம் போனதுதான் மிச்சம்.

அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் ப்ளூடூத் பக்கமே சாம்பல் நிறத்தில் மங்கி இருந்தால், நிர்வாகம் அதைப் பூட்டியிருக்கக்கூடும். பட்ஸைக் குறை சொல்ல வேண்டாம், உங்கள் ஐடி பிரிவைக் கேளுங்கள். ப்ளூடூத் இல்லாத மேசைக் கணினிக்கு டாங்கிள், அதாவது யுஎஸ்பி துளையில் செருகும் சின்ன ப்ளூடூத் கருவி போட்டுக்கொள்ளலாம்.

லேப்டாப்பில் ஒரு பாட்டைப் போட்டு இரண்டு காதிலும் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் அடுத்தது.

8. இரண்டையும் ஒன்றாக நிறுத்துவது

பட்ஸ் லேப்டாப்போடு தொடர்பில் இருக்கும்போதே போனின் ப்ளூடூத்தை ஆன் செய்யுங்கள். பல நேரம் தானாகச் சேர்ந்துவிடும். சேரவில்லை என்றால் போனின் பட்டியலில் பட்ஸின் பெயரைத் தட்டுங்கள். புது பேரிங் வேண்டாம், சாவி ஏற்கெனவே இருக்கிறது.

இரண்டு திரையிலும் 'கனெக்டெட்' என்று ஒரே நேரத்தில் தெரிய வேண்டும். போனில் வந்ததும் லேப்டாப்பில் போய்விட்டால், மல்ட்டிபாயிண்ட் ஆன் ஆகவில்லை. 6-ஆம் பகுதிக்குத் திரும்புங்கள்.

இப்போது பட்ஸைக் கேஸில் வைத்து மூடி, பத்து விநாடி கழித்துத் திறந்து மாட்டுங்கள். இரண்டோடும் தானாகச் சேர வேண்டும். கடைசியாக எந்த இரண்டோடு இருந்தோம் என்பதை பட்ஸ் குறித்து வைத்துக்கொள்ளும். நாளைக் காலையில் நீங்கள் எதையும் தொடாமல் அது வேலை செய்ய வேண்டும் என்றால் இந்த ஒரு தடவையைச் செய்து பார்த்துவிடுவது நல்லது.

9. சோதித்துப் பார்க்கும் முறை

லேப்டாப்பில் பாட்டை ஓடவிட்டு, வீட்டில் ஒருவரை உங்கள் எண்ணுக்கு அழைக்கச் சொல்லுங்கள். பாட்டு நின்று மணி காதில் ஒலிக்க வேண்டும். பட்ஸைத் தட்டி எடுங்கள், பேசுங்கள், வையுங்கள். பாட்டு தானாகத் தொடரலாம், அல்லது நீங்கள் ப்ளே அழுத்த வேண்டியிருக்கலாம். இரண்டும் சரிதான், மாடலைப் பொறுத்தது.

பிறகு போனில் பாட்டைப் போட்டு, லேப்டாப்பில் வீடியோ ஒன்றை ஓட்டுங்கள். சில பட்ஸ் உடனே லேப்டாப்புக்குத் தாவும். சில, போனில் நிறுத்தும்வரை அசையாது. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் பிறகு குழப்பம் வராது. நிறுத்தும்வரை அசையாத வகை என்றால், மாறும் முன் பாஸ் அழுத்தும் பழக்கம் வந்துவிடும்.

10. மீட்டிங் வந்ததும் சத்தம் ஏன் கெடுகிறது

"பாட்டு நல்லாத்தான் இருக்கு தம்பி, மீட்டிங்ல சேர்ந்ததும் கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஆயிடுது." அக்கா அடுத்த வாரம் கொண்டு வந்த கேள்வி இது. மல்ட்டிபாயிண்டின் குற்றமில்லை, ப்ளூடூத்தின் அமைப்பே அப்படி.

பட்ஸின் மைக் திறந்த கணமே லேப்டாப் பாட்டுப் பாதையை விட்டுப் பேச்சுப் பாதைக்கு மாறுகிறது. பாட்டுப் பாதையில் ஒலி விநாடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகளாக (ஒலியை அத்தனை முறை அளந்த அளவுகளாக), ஸ்டீரியோவில் வரும். பேச்சுப் பாதையில் அது 16,000 ஆகிறது, பழைய முறையில் 8,000 மட்டுமே. இரண்டு காதுக்கும் ஒரே ஒலி. போகவும் வரவும் ஒரே நேரத்தில் இடம் வேண்டும் என்பதால் இந்தக் குறுக்கம்.

வழி இருக்கிறது. ஜூம், டீம்ஸ், கூகுள் மீட் எதுவானாலும் ஆடியோ செட்டிங்ஸில் ஸ்பீக்கரையும் மைக்கையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். ஸ்பீக்கர் இடத்தில் பட்ஸை வையுங்கள். மைக் இடத்தில் லேப்டாப்பின் சொந்த மைக்கை வையுங்கள். பட்ஸின் மைக் திறக்காததால் பாட்டுப் பாதை அப்படியே இருக்கும், மற்றவர் பேசுவது தெளிவாக வரும். அமைதியான அறையில் நான் எப்போதும் இதைத்தான் செய்கிறேன். மின்விசிறி இரைச்சலோ தெருச் சத்தமோ அதிகம் என்றால் மட்டும் பட்ஸின் மைக்குக்கு மாறிக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10-இல் ஒரே பட்ஸ் இரண்டு பெயரில் தெரியும், ஒன்றில் 'ஸ்டீரியோ', மற்றதில் 'ஹேண்ட்ஸ்ஃப்ரீ'. பாட்டுக்கு ஸ்டீரியோவை எடுங்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயைத் தேர்ந்தெடுத்துவிட்டு பட்ஸ் மட்டம் என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய.

மீட்டிங் நடுவே போன் அடித்தால்? சில பட்ஸ் உடனே போனுக்குத் தாவிவிடும், மேலாளர் பேசியது பாதியில் அறுந்துபோகும். முக்கியமான மீட்டிங் என்றால் போனில் டிஸ்டர்ப் செய்யாதே நிலையைப் போட்டு, பள்ளி எண்ணையும் வீட்டு எண்ணையும் மட்டும் விலக்காக வையுங்கள். அக்கா அப்படித்தான் வைத்திருக்கிறார்.

11. சத்தம் தானாகத் தாவினால்

பாட்டு கேட்டுக்கொண்டே இருப்பீர்கள், நடுவில் ஒரு நொடி அறுந்து திரும்ப வரும். யாரோ உள்ளே புகுந்துவிட்டுப் போனது போல இருக்கும். பெரும்பாலும் லேப்டாப்பின் சின்ன அறிவிப்பு ஒலிதான். மின்னஞ்சல் வந்த 'டிங்' சத்தம்கூட ஒரு ஒலிதான், பட்ஸ் அதற்கும் வழிவிடுகிறது.

விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் 'நோ சவுண்ட்ஸ்' என்ற திட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் அறிவிப்பு ஒலிகள் நின்றுவிடும். பிரவுசரில் தானாக ஓடும் விளம்பர வீடியோ உள்ள டேபை வலது கிளிக் செய்து மியூட் பண்ணுங்கள். போனில் கேம்களின் ஒலியை அணையுங்கள், சத்தம் பூஜ்யமாகத் தெரிந்தாலும் சில கேம்கள் ஒலிப் பாதையைத் திறந்தே வைத்திருக்கும்.

12. மூன்றாவது சாதனமும் டிவியும்

டேப்லெட்டையும் சேர்க்க வேண்டுமா? 7-ஆம் பகுதியை அதற்கும் செய்யுங்கள், நினைவில் சேரும். ஆனால் அது தொடர்புக்கு வரும்போது மற்ற இரண்டில் ஒன்று விலகும். எது விலகும் என்பதை பட்ஸிடம் விடாமல், நீங்களே ஒன்றில் டிஸ்கனெக்ட் கொடுத்துவிட்டு டேப்லெட்டில் தட்டுங்கள்.

டிவியை இந்த ஜோடியில் சேர்ப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. யாராவது டிவியை ஆன் செய்த உடனே அது பட்ஸைத் தேடிப் பிடிக்கும், நீங்கள் அடுத்த அறையில் மீட்டிங்கில் இருப்பீர்கள். இரவில் டிவி பார்க்க வேண்டும் என்றால் தனியாக ஒரு ஹெட்போன் வைத்துக்கொள்வது நிம்மதி.

13. விட்டு விட்டுக் கேட்டால்

ப்ளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓடுகிறது. வைஃபையின் ஒரு பகுதியும் மைக்ரோவேவ் அடுப்பின் கசிவும் அதே இடத்தில்தான். ரூட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் இருந்தால் லேப்டாப்பை அதற்கு மாற்றிவிடுங்கள், பாதி தொல்லை தீரும்.

மேசைக் கணினியில் டாங்கிள் போட்டவர்கள் அதை நீல நிற யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில், வெளி ஹார்ட் டிஸ்கை ஒட்டிச் செருகியிருக்கிறார்களா என்று பாருங்கள். யுஎஸ்பி 3 ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் கிளம்பும். இதை இன்டெல் 2012-லேயே விளக்கி வெளியிட்டிருக்கிறது. ஒரு சின்ன நீட்டிப்பு ஒயர் போட்டு டாங்கிளை மேசை மேல் கொண்டுவந்தாலே சரியாகிவிடும்.

உடம்பும் ஒரு தடை. நம் உடம்பில் உள்ள நீர் இந்த அலையை உறிஞ்சும். போன் பின் பாக்கெட்டில் இருந்தால் அலை உங்களைத் தாண்டி வர வேண்டும். லேப்டாப்பை வீட்டில் விட்டுவிட்டுக் கடைக்குப் போகும்போது தூரம் அதிகமாகி அந்த ஒரு தொடர்பு அறுபடும், போனோடு மட்டும் தொடரும். திரும்பி வந்ததும் லேப்டாப் தானாகச் சேரவில்லை என்றால் பட்ஸைக் கேஸில் ஒரு முறை போட்டு எடுங்கள்.

வெளியே கிளம்பும்போது லேப்டாப் பையிலேயே வருகிறது என்றால் அதன் ப்ளூடூத்தை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு பஸ்ஸில் தினமும் போய்வரும் நண்பர் ஒருவருக்கு, பஸ் நிலையத்தில் ஏறியதிலிருந்து பாட்டு திக்கித் திக்கி வந்தது. கூட்டத்தில் நூறு போன்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். பையைத் திறந்து பார்த்தால், மூடியும் முழுதாகத் தூங்காத லேப்டாப் உள்ளே சூடாக இருந்தது. பட்ஸ் அதனோடும் தொடர்பில்தான் இருந்தது. லேப்டாப்பில் ப்ளூடூத்தை அணைத்தோம், அரியாங்குப்பம் தாண்டும்வரை ஒரு இடத்திலும் அறுபடவில்லை.